அப்பா ஜீப்பின் சேஸிஸ் தகட்டைக் கழற்றி மாட்டிய கதை

உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு அலுமினியத் தகடு, எங்கள் ஜீப்பின் அடையாள எண்கள் அடித்தது. ஏழு மாதம் அது எங்கள் வீட்டு பீரோவில், அம்மாவின் பழைய எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்குள், பஞ்சுத்துணி சுற்றிக் கிடந்தது. ஜீப்பின் மற்ற பாகமெல்லாம் பட்டறையிலும் ஷெட்டிலுமாகச் சிதறிக் கிடக்க, இதை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவந்து பூட்டி வைத்தேன். அது தொலைந்தாலும் சிக்கல், கண்டபடி திரும்ப மாட்டினாலும் சிக்கல் என்று அதற்குள் புரிந்துவிட்டது. பழைய வண்டியை எடுத்துக் கட்டும் யாரும் ஒருநாள் இந்தத் தகட்டின் முன்னால் வந்து நிற்கத்தான் வேண்டும். நான் நின்றது தாமதமாக.

வண்டி மஹிந்திரா சிஜே 3பி. முதல் பதிவு 1972. பெட்ரோல் என்ஜின். 1986-இல் அஞ்செட்டிப் பக்கம் ஒருவரிடமிருந்து அப்பா வாங்கினார். கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினத்தை ஒட்டி எங்களுக்கு மாந்தோப்பு. சீசனில் பெங்களூரா காயை மண்டிக்கு ஏற்றிப் போனதும், எங்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டதும், தங்கையைப் பிரசவத்துக்கு அழைத்துப் போனதும் இந்த ஜீப்தான். 2019-இல் ஆர்சியை, அதாவது பதிவுச் சான்றை, ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்தார். 2021-இல் அப்பா போய்விட்டார். அப்புறம் வண்டி ஷெட்டிலேயே நின்றது. மேலே ஓடு உடைந்து மழைத்தண்ணீர் நேராக உள்ளே இறங்கியது எனக்குத் தெரியவில்லை. 2024-இல் வெளியே இழுத்தபோது, டிரைவர் பக்கத் தரையில் கால் வைத்தால் மண் தெரிந்தது.

சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், நன்றாகவே இருந்தது. தரை போய்விட்டது. ஃபயர்வாலின் கீழ்ப்பாதி, அதாவது என்ஜினுக்கும் நம் காலுக்கும் நடுவில் நிற்கிற தகரச் சுவர், மடித்த இடமெல்லாம் உதிர்ந்துகொண்டிருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே யோசனை சொன்னார்கள்: முழு பாடியும் புதிதாகக் கிடைக்கிறது, வாங்கி உட்கார வைத்துவிடு, இரண்டு வாரத்தில் முடிந்தது. எனக்கு மனசு வரவில்லை. கெட்டதை மட்டும் வெட்டி, அதே கேஜில், அதாவது அதே தடிமனில், தகரம் மடித்து பேட்ச் வைப்பது என்று முடிவு செய்து, கிருஷ்ணகிரியில் ஒரு பட்டறையில் விட்டேன். மனசுக்காக எடுத்த முடிவுதான். அதுவே பிறகு சட்டப்படியும் என்னைக் காப்பாற்றும் என்று அன்றைக்குத் தெரியாது.

தகடு இருந்தது அந்த ஃபயர்வாலில், என்ஜின் பக்கமாக. வண்டி மாடல், சேஸிஸ் எண், என்ஜின் எண் மூன்றும் அதில் அடித்திருக்கும். நான்கு மூலையிலும் குடைத்தலை ரிவெட். தகர வேலை செய்யும் டிங்கரிடம், "அண்ணே, அந்தப் பக்கம் ஞாயித்துக்கிழமை நான் வந்தப்புறம் கை வைங்க" என்று சொல்லித்தான் வந்தேன். தோட்டத்தில் வேலை இருந்து திங்கள் சாயந்திரம் போனபோது ஃபயர்வாலின் கீழ்ப்பாதி வெட்டப்பட்டிருந்தது. தகட்டைக் காணோம்.

"எங்கண்ணே அது?"

"டப்பால போட்டு வெச்சிருக்கேன் சார். வெல்டிங் சூட்டுல கருகிடுமேன்னு தட்டி எடுத்துட்டேன்."

நட்டு, போல்ட், உடைந்த கிளாம்பு எல்லாம் கிடந்த பெயிண்ட் டப்பாவுக்குள் கை விட்டு எடுத்துக் கொடுத்தார். உளி வைத்துத் தட்டியிருக்கிறார். மூன்று மூலை சரியாக வந்திருந்தது. நான்காவதில் ரிவெட் பிடிவாதம் பிடித்து, துளை பிய்ந்து, அந்த மூலை நாய் காதுபோல மடங்கியிருந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வெல்டிங் வைத்திருந்தால் தகடு உருகியே போயிருக்கும். ஆனாலும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தத் தகட்டை அதன் இடத்தில் வைத்து நான் ஒரு போட்டோகூட எடுத்திருக்கவில்லை.

அன்று இரவே அப்பாவுக்குப் பழக்கமான ஒரு ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளரைப் போய்ப் பார்த்தேன். தகட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது மூன்றே கேள்வி. "சேஸிஸ்ல நம்பர் தெளிவா தெரியுதா தம்பி? இது ஒட்டியிருந்த தகரம் எங்க? கழட்டறதுக்கு முன்னாடி எடுத்த படம் இருக்கா?"

முதல் கேள்விக்குத் தெரியாது என்றேன். மூன்றாவதற்கு இல்லை என்றேன். இரண்டாவதைக் கேட்டதும்தான் உறைத்தது. வெட்டிய தகரமெல்லாம் பட்டறை வாசலில் குவியலாகக் கிடக்கிறது, பழைய இரும்புக்காரர் எப்போது வேண்டுமானாலும் வந்து அள்ளிக்கொண்டு போவார்.

காலை ஆறு மணிக்குப் போய்க் குவியலைக் கிளறினேன். நசுங்கிய மட்கார்டுக்கு அடியில் கிடைத்தது. வண்டி வெளியே பச்சை. அப்பா இரண்டு முறை பச்சை அடித்திருக்கிறார். ஆனால் தகடு இருந்த இடத்தில் மட்டும், அதே நீள அகலத்துக்கு, சாம்பல் நிறத்தில் ஒரு செவ்வகம். மூலைக்கொன்றாக நான்கு துளை, ஒன்றில் முறிந்த ரிவெட்டின் அடிப்பாகம் இன்னும் மாட்டிக்கொண்டிருந்தது. செவ்வகத்தின் ஓரத்தில் பச்சைப் பெயிண்ட் ஒரு வரப்பு மாதிரி நின்றது. தகட்டை அதன்மேல் வைத்தேன். வரப்புக்குள் அப்படியே உட்கார்ந்தது. மடங்கிய மூலைக்கு நேராக முறிந்த ரிவெட். ஐம்பது வருடமாக இந்தத் தகடு இங்கேதான் இருந்தது என்று அந்தத் துண்டுத் தகரம் தானே சொல்லிக்கொண்டிருந்தது.

அதற்கு அப்புறம்தான் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 55-ஆவது பிரிவு பதிவை ரத்து செய்வது பற்றியது. அதன் ஐந்தாம் உட்பிரிவு இப்படிப் போகிறது: வண்டியில் பொறிக்கப்பட்டுள்ள என்ஜின் எண்ணோ சேஸிஸ் எண்ணோ ஆர்சியில் உள்ள எண்ணிலிருந்து வேறுபட்டால், உரிமையாளருக்கு விளக்கம் சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுத்துவிட்டு, பதிவு அதிகாரி பதிவை ரத்து செய்ய வேண்டும். இங்கே 'பொறிக்கப்பட்ட' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஆதாரமான எண் சேஸிஸ் இரும்பிலேயே குத்தியிருப்பது. ரிவெட் அடித்த தகடு அதற்குத் துணை. இது தெரிந்ததும் பாதி பயம் போனது. மீதிப் பாதி எங்கே என்றால், தகட்டைக் கழற்றி மாட்டிய அடையாளத்தைப் பார்க்கிறவர் மனதில் முதலில் வருவது ரெஸ்டோரேஷன் அல்ல, திருட்டு. ஒரு வண்டியின் தகட்டை இன்னொரு வண்டியில் அடித்து, செத்த வண்டியின் ஆர்சியில் திருட்டு வண்டியை ஓட்டுவது பழைய தந்திரம். நம் மாவட்டமோ கர்நாடகம், ஆந்திரம் இரண்டையும் தொட்டுக்கொண்டிருப்பது. திருட்டுப் பொருள் என்று சந்தேகம் வந்தால் கைப்பற்ற போலீசுக்கு அதிகாரம் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102-ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 106-ஆவது பிரிவு. கைப்பற்றிய வண்டி ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் எப்படி நிற்கும் என்று நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

சரி, சேஸிஸில் நம்பர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலது பக்க சேஸிஸ் பாரில், முன் ஸ்பிரிங் ஷேக்கிள் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு மண்ணும் கிரீஸும் கலந்து கருங்கல்லாக இறுகியிருந்தது. பட்டறையில் ஒரு பையன் கிரைண்டரில் ஒயர் வீல் மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். "கிரைண்டர் மட்டும் வேண்டாம்" என்று தடுத்தேன். இதை இன்னொரு முறை அழுத்திச் சொல்ல வேண்டும்: சேஸிஸ் எண் இருக்கும் இடத்தில் கிரைண்டர், மணல் பிளாஸ்டிங், முரட்டு எமரி எதுவும் கூடாது. துருவோடு சேர்ந்து எழுத்தின் விளிம்பும் போய்விடும். அப்படித் தேய்ந்த இடத்துக்கும், யாரோ வேண்டுமென்றே தேய்த்த இடத்துக்கும் பார்வையில் வித்தியாசம் கிடையாது. தடய அறிவியல் கூடத்தில் மழுங்கிய எண்ணை மீட்க வழி இருக்கிறது. எண்ணைக் குத்தும்போது அடியில் உள்ள இரும்பும் அழுந்தியிருக்கும், அமிலக் கரைசல் தடவினால் அழுந்திய இடமும் அழுந்தாத இடமும் வேறு வேறு வேகத்தில் அரித்து எழுத்து மேலே வரும். ஆனால் அங்கே போக வேண்டிய நிலைமை வந்தால் உங்கள் வண்டி ஏற்கனவே வழக்கில் இருக்கிறது என்று அர்த்தம்.

நான் செய்தது மெதுவான வேலை. மண்ணெண்ணெயில் நனைத்த துணியை இரவு முழுக்க அந்த இடத்தில் கட்டி வைத்தேன். காலையில் ஒரு மூங்கில் குச்சியைப் பட்டையாகச் சீவிச் சுரண்டினேன். ஊறிய ராகிக் களி மாதிரி கிரீஸ் வந்தது. பிறகு பித்தளை பிரஷ், அதற்குப் பிறகு பழைய டூத் பிரஷும் தின்னரும். மூன்றாவது நாள் சாய்வாக டார்ச் அடித்தபோது முதல் எழுத்து தெரிந்தது. ஒவ்வொன்றாக வந்தது. எழுத்துகள் ஒரே வரிசையில்கூட இல்லை. கையால் சுத்தியல் போட்டுக் குத்தியவை, ஒன்று ஏறி ஒன்று இறங்கி நிற்கின்றன. எனக்கு அது ரொம்பப் பிடித்தது. 1972-இல் யாரோ ஒருவர் நின்று அடித்த கை அது.

சாக்பீஸ் பொடியைத் தேய்த்துத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும், படம் எடுக்க வசதி. பட்டர் பேப்பரை வைத்து மெத்தென்ற பென்சிலால் தேய்த்து ஐந்து பிரிண்ட் எடுத்தேன். ஆர்டிஓ விண்ணப்பங்களில் சேஸிஸின் பென்சில் பிரிண்ட் என்று கேட்பது இதைத்தான்.

பிரிண்டை ஆர்சி கார்டோடு வைத்துப் பார்த்தேன். கடைசிக்கு முந்தின எண், பிரிண்டில் 8. கார்டில் 3.

அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தகட்டை எடுத்துப் பார்த்தேன், 8. பழைய ஆர்சி புத்தகத்தை எடுத்தேன். கையால் எழுதியது, 8-ஐ இரண்டு வளைவாகப் போட்டு இடது பக்கத்தை மூடாமல் விட்டிருக்கிறார்கள். 8 என்றால் 8, 3 என்றால் 3. புத்தகத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றியபோது யாரோ 3 என்று அடித்திருக்கிறார்கள். 2019-இல் கார்டு வந்தபோது அப்பா பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. சற்று முன் சொன்ன 55-ஆவது பிரிவு அப்படியே என் தலைக்கு மேல் தொங்கியது: பொறித்த எண் வேறு, ஆர்சி எண் வேறு. அதோடு தகடு பிய்ந்த நிலையில் என் கையில். வெளியாள் யாரும் இதைக் கேட்டால் என்ன நினைப்பார்?

அப்பாவின் மஞ்சள் ஃபைல்தான் கைகொடுத்தது. 2004, 2009, 2014, 2019 என்று ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் எடுத்த பென்சில் பிரிண்டில் ஒரு பிரதியைத் தேதி போட்டு வைத்திருந்தார். நான்கிலும் 8. ஏறி இறங்கி நிற்கிற அதே எழுத்து வரிசை. 2014 பிரிண்டின் மூலையில் அவர் கட்டைவிரல் கிரீஸ் ரேகையாகப் பதிந்திருந்தது. பிறகு மனு போட்டபோது அந்தப் பிரதியை மட்டும் கொடுக்காமல் போட்டோ நகல் கொடுத்தேன், அசல் என்னிடம் இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் ஆளாளுக்கு குறுக்கு வழி சொன்னார்கள். பழைய தகடு மாதிரியே புதிதாக எழுத்துப் பொறித்துத் தருகிற ஆள் இருக்கிறார், கார்டில் உள்ளபடி 3 போட்டே வாங்கிக்கொள்ளலாம் என்றார் ஒருவர். சேஸிஸில் 8-இன் இடது பக்கத்தை லேசாக அடைத்துவிட்டால் போச்சு என்றார் இன்னொருவர். நல்ல மனிதர்கள்தான், என் மேல் இரக்கப்பட்டுச் சொன்னது. ஆனால் எழுத்துப்பிழை ஒரு குமாஸ்தா செய்த தவறு, திருத்தலாம். சேஸிஸில் கை வைத்தால் அது நான் செய்யும் குற்றம், அதைத் திருத்த வழியே இல்லை. அந்த நிமிடத்திலிருந்து என் ஜீப் உண்மையிலேயே போலி வண்டி. புதுத் தகடும் அப்படித்தான். பிய்ந்த அசல் தகட்டுக்கு இருக்கிற மதிப்பில் ஒரு பைசா அதற்குக் கிடையாது.

ஓய்வுபெற்ற ஆய்வாளர் சொன்ன வழி நேரானது. "தகட்டை அடிக்காத. கையில எடுத்துக்கிட்டு போ. அடிச்சுட்டுப் போனா அவங்க புது ரிவெட்டைத்தான் பாப்பாங்க. அடிக்காம போனா நீ சொல்றதைக் கேப்பாங்க."

அதன்படி முதலில் தகரத்தை முடித்தோம். ஃபயர்வாலுக்குப் புதுத் தகரம் மடித்தபோது, சாம்பல் செவ்வகம் இருந்த பழைய துண்டை வீசவில்லை. துரு இல்லாத பாகமாகச் சுற்றி ஓரம் வெட்டி, புதுத் தகரத்தில் அதே அளவுக்கு ஜன்னல் வெட்டி, பழைய துண்டை அதே இடத்தில் வைத்துப் புள்ளிப் புள்ளியாக வெல்டிங் வைக்கச் சொன்னேன். சூட்டில் தகரம் கோணாமலிருக்க ஒரு புள்ளி இங்கே, ஒரு புள்ளி எதிர்ப்பக்கம் என்று ஆறவிட்டு ஆறவிட்டு வைத்தார். இதில் அந்த டிங்கர் காட்டிய பொறுமைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். தன் உளியால் வந்த வினை என்று அவருக்கும் மனசில் இருந்தது. வெட்டும் முன், வெட்டிய பின், வைத்த பின் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் படம். ஒவ்வொரு படத்திலும் அன்றைய தினசரிப் பத்திரிகை ஓரத்தில் தெரியும். செவ்வகத்தின் மேல் ப்ரைமரும் அடிக்கவில்லை, பட்டியும் போடவில்லை. வெறும் டேப் ஒட்டி மூடினோம்.

நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய ஆர்சி புத்தகத்தில் நிறம் கிரே என்றுதான் இருந்தது. அப்பா அடித்த பச்சை எங்கும் ஏறவில்லை. அதனால் திரும்ப கிரே. செவ்வகத்தில் இருந்த நிறத்தையே காட்டி பெயிண்ட் கலந்து வாங்கினேன்.

என்ஜின் எண்ணுக்கு இவ்வளவு பாடு இல்லை. இந்த ஹரிக்கேன் என்ஜினில் எண், பிளாக்கின் முன்பக்கம், வாட்டர் பம்ப் உட்காரும் மேட்டில் இருக்கும். பெயிண்ட் மட்டும்தான் மூடியிருந்தது, தின்னரில் துடைத்ததும் தெரிந்தது. எல்லா ஆவணத்திலும் ஒன்றேதான். என்ஜினை லேத்துக்கு அனுப்பும்போது அந்த மேட்டின் மேல் டேப் ஒட்டி, 'இங்கே எமரி வைக்க வேண்டாம்' என்று எழுதி அனுப்பினேன். டீசலுக்கு மாற்றச் சொன்னவர்களும் நிறையப் பேர். மலைப்பக்க ஜீப்புகளில் பாதி அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்சி விவரம் மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது. டீசல் செலவு மிச்சம்தான். ஆனால் என்ஜின் எண்ணும் எரிபொருளும் மாறிய ஜீப்பை வைத்துக்கொண்டு சேஸிஸ் எண்ணில் ஒரு எழுத்தைத் திருத்தித் தாருங்கள் என்று நான் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

ஐம்பது வருடம் தாண்டிவிட்டதே, விண்டேஜ் பதிவு வாங்கலாமே என்றும் யோசித்தேன். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் அதற்கென்றே தனி விதிகள் வந்தன. 81ஏ-யில் தொடங்கும். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பதிவு பத்து ஆண்டு செல்லும். புது நம்பர் கொடுத்தால் அதில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும், ஏற்கனவே பதிவானது பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். சேஸிஸ், பாடி ஷெல், என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது என்பது நிபந்தனை. முழு பாடியும் மாற்றியிருந்தால் இந்தக் கதவு எனக்கு மூடியிருக்கும். ஆனால் விண்டேஜ் வண்டியைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று குறிப்பிட்ட காரியத்துக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். அன்றாடம் தோப்புக்குப் போய்வர முடியாது. எனக்குத் தோப்புக்குப் போகிற ஜீப் வேண்டும். அதனால் சாதாரணப் புதுப்பித்தல்.

மூன்று மனு போட்டேன். அப்பா பெயரிலிருந்து என் பெயருக்கு மாற்ற படிவம் 31, கூடவே இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அம்மாவும் தங்கையும் கொடுத்த சம்மதம். இதை அப்பா இறந்து மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டும், தாமதம் என் தவறு. புதுப்பிக்க படிவம் 25. மூன்றாவது வெள்ளைத்தாளில் ஒரு விண்ணப்பம்: ஒரு எழுத்து தவறாக ஏறியுள்ளது, தகடு பழுதுபார்க்கும்போது கழற்றப்பட்டது, இன்ன தேதியில், இன்ன காரணத்தால், இதோ தகடு, இதோ அது இருந்த இடம். எதையும் மறைக்கவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவையில் 8, 3 இரண்டு எண்ணையும் போட்டுத் தேடி, இரண்டுமே திருட்டுப் பட்டியலில் இல்லை என்ற அறிக்கையையும் இணைத்தேன். மனுவின் நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொண்டேன்.

ஆர்சி காலாவதியானதால் ரோட்டில் ஓட்டக்கூடாது. பிப்ரவரி மாதம் ஒரு நாள் ரெக்கவரி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனேன். ஆய்வாளர் இளம் வயது. பானெட்டைத் திறந்ததும் வெற்றுச் செவ்வகத்தைப் பார்த்துவிட்டு, "பிளேட் எங்க சார்?" என்றார். டிபன் பாக்ஸைத் திறந்தேன். தகட்டை எடுத்து அவரே துளை மேல் வைத்தார். மூன்று துளை நேராக உட்கார்ந்தது. மடங்கிய மூலையையும் முறிந்த ரிவெட்டையும் விரலால் தடவிப் பார்த்தார். குனிந்து சேஸிஸ் எண்ணை டார்ச் அடித்துப் படித்தார், தன் கையால் ஒரு பிரிண்ட் எடுத்தார், அப்பாவின் நான்கு பிரிண்டோடு வரிசையாக பானெட் மேல் வைத்துப் பார்த்தார். நான் மூச்சு விடாமல் நின்றேன். "உங்கப்பா இதெல்லாம் வெச்சிருந்தாரா?" என்று மட்டும் கேட்டார். என் விண்ணப்பத்தின் கீழேயே தான் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இனிமே அடிச்சுக்கலாம், அடிச்சதும் படம் எடுத்து வெச்சுக்கங்க" என்றார். திருத்திய கார்டு வர அதற்கு அப்புறமும் சில வாரம் ஆனது. புதுப்பிக்க நான் கட்டியது 5,000 ரூபாய், தாமதக் கட்டணம் தனி. 2025 ஆகஸ்டிலிருந்து 20 ஆண்டு தாண்டிய காருக்கு அது 10,000.

வெளிநாட்டிலும் இதே தலைவலிதான். அமெரிக்காவில் வண்டி அடையாள எண்ணைக் கழற்றுவது 1984-இலிருந்து மத்தியச் சட்டப்படி குற்றம். பழுதுபார்க்க அவசியமென்றால் கழற்றலாம் என்று விதிவிலக்கு உண்டு. ஆனால் மாநிலச் சட்டம் எல்லாமே அப்படி இருக்கவில்லை. கான்சாஸ் மாநிலத்தில் ஒருவர் வாங்கிய 1959 மாடல் கார்வெட் காரை, பதிவுக்காக ஆய்வுக்குக் கொண்டுபோன இடத்திலேயே 2017-இல் போலீஸ் கைப்பற்றியது. முன்பு யாரோ ரெஸ்டோர் செய்தபோது எண் தகட்டைக் கழற்றித் திரும்ப மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வாங்கியவருக்கு அது தெரியவே தெரியாது. பல வருடம் வழக்கு நடந்தது, காரை நசுக்கிவிடும் அளவுக்குப் பேச்சு வந்தது. கடைசியில் 2022-இல் அந்த மாநிலம் சட்டத்தையே மாற்றி, பழைய வண்டியைப் புதுப்பிக்கும்போது தகட்டைக் கழற்றி அதே வண்டியில் மாட்டலாம் என்று அனுமதித்தது. அவர் வண்டியை வாங்கியவர், முந்தைய படம் எதுவும் அவரிடம் இல்லை. இதைப் படித்த அன்று என் பெயிண்ட் டப்பாவும் மஞ்சள் ஃபைலும்தான் கண்ணில் நின்றது.

ரிவெட் அடித்த கதையைச் சொல்லி முடிக்கிறேன். பாப் ரிவெட் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு. அதன் தலையில் நடுவே ஓட்டை தெரியும், இந்தத் தகட்டில் முதலில் இருந்தது அது அல்ல. பழையதை அளந்தேன், எட்டில் ஒரு பங்கு அங்குலம். அதே அளவில் கெட்டி அலுமினிய ரிவெட், குடைத்தலை, ஒரு பாக்கெட் வாங்கினேன். கை பழக ஒரு வெறும் தகரத்தில் பத்துப் பன்னிரண்டு அடித்துப் பார்த்தேன். முதல் நான்கு கோணிக்கொண்டன. ரிவெட்டின் வால் நீளமாக இருந்தால் மடங்கும், ரிவெட்டின் விட்டத்தில் ஒன்றரை மடங்கு வெளியே நீட்டினால் சரியாகக் குந்தும். தலை பக்கம் குழிவு வைத்த டாலியை, அதாவது முட்டுக்கொடுக்கும் இரும்பை, தங்கை மகன் பிடித்துக்கொள்ள, நான் உள்பக்கத்திலிருந்து, கால் வைக்கும் இடத்தில் மல்லாந்து படுத்து, சின்னச் சுத்தியலால் தட்டினேன். ஓங்கி ஒரே அடி போடக்கூடாது, பத்துப் பதினைந்து சின்னத் தட்டு. மூன்று மூலை பத்து நிமிடத்தில் முடிந்தது.

நான்காவது மூலையை என்ன செய்வது என்று ரொம்ப யோசித்தேன். நிமிர்த்தலாம் என்றார்கள். பழைய அலுமினியம், மடங்கிய இடத்தில் மயிரிழை வெடிப்பு ஏற்கனவே தெரிந்தது, நிமிர்த்தினால் உடைந்து கையில் வந்துவிடும். சூடு காட்டினால் எழுத்தின் கறுப்பு மை போய்விடும். அதனால் மடிப்பை அப்படியே விட்டேன். பிய்ந்த துளைக்கு ரிவெட் அடிக்கவில்லை. முறிந்த பழைய ரிவெட் தன் துளையிலேயே இருக்கிறது. தகட்டைப் பாலிஷ் போடவில்லை, மங்கிய எழுத்துக்கு மை ஏற்றவில்லை, பஞ்சில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்ததோடு சரி.

இப்போது மடங்கிய மூலையில் மட்டும் விரல்கனம் பழைய சாம்பல் தெரியும், தகட்டுக்கு வெளியே புதுச் சாம்பல். இரண்டுக்கும் இழைதான் வித்தியாசம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். சேஸிஸ் எண் மேல் பெயிண்ட் ஒரே ஒரு மெல்லிய கோட், அதன்மேல் மாதம் ஒருமுறை கிரீஸ். அப்பாவின் ஃபைலில் ஐந்தாவது பிரிண்டைத் தேதி போட்டுச் சேர்த்துவிட்டேன். அடுத்தது 2030-இல்.